கட்டடத்தில் வேலை செய்பவை எவை? மனிதரல்லாதவற்றையும் சேர்த்துப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்க்கிடெக்சர் படிப்பவர்கள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடும் நேரத்தில் யாராவது ஓர் ஆசிரியர், “ஆக்டர்-நெட்வொர்க் தியரியை வைத்துப் பாருங்களேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொஞ்ச நாள் கழித்து ஷீட்டைப் பார்த்தால் நடுவில் ‘கட்டடம்’ என்று ஒரு வட்டம், சுற்றிலும் ‘சமூகம்’, ‘பொருளாதாரம்’, ‘சுற்றுச்சூழல்’ என்று சில வட்டங்கள், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கும் கோடுகள். கட்டடத்தின் பக்கமே போகாமல் வரைந்துவிடக்கூடிய படம் அது.

அந்தப் படத்தில் போய் விழாமலிருக்க ஒரு வேலைமுறையைக் கீழே சொல்கிறேன். உதாரணத்துக்குச் சென்னையின் சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். தரைக்கடியில் சம்ப், மொட்டைமாடியில் டேங்க், நடுவே ஒரு மோட்டார். நீங்கள் கேட்டையோ லிஃப்டையோ மாடிப்படியையோ எடுத்துக்கொள்ளலாம்.

கோட்பாடு எவ்வளவு தேவை

அதிகம் தேவையில்லை. 1980-களில் பாரிஸில் எகோல் தே மீன் என்ற சுரங்கப் பொறியியல் கல்லூரியில் இருந்த புரூனோ லதூர், மிஷேல் கலோன், மதலேன் அக்ரிஷ், பிரிட்டனில் ஜான் லா ஆகியோர் சேர்ந்து வளர்த்த பார்வை இது. சமூகம் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அதுவரை சமூகவியல் பெரும்பாலும் மனிதர்களையே காரணம் காட்டியது: வர்க்கம், வழக்கம், நிறுவனம். இவர்கள், பொருள்களையும் விலங்குகளையும் அதே கணக்கில் சேர்க்கச் சொன்னார்கள்.

கலோன் 1986-இல் எழுதிய கட்டுரை பிரான்சின் சான்-பிரியே விரிகுடாவில் ஸ்காலப் சிப்பிகளை வளர்க்க மூன்று ஆய்வாளர்கள் செய்த முயற்சியைப் பற்றியது. சிப்பிக் குஞ்சுகள் வலைப்பைகளில் ஒட்டிக்கொண்டால்தான் திட்டம் நடக்கும். ஒருகட்டத்தில் அவை ஒட்டவில்லை. மீனவர்களோ பாதுகாத்து வைத்திருந்த சிப்பிகளை ஒரு கிறிஸ்துமஸ் இரவுக்கு முன் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மீனவர் காலை வாரியதையும் சிப்பி காலை வாரியதையும் கலோன் ஒரே சொற்களில் விவரிக்கிறார். கட்டுரையின் துணிச்சல் அதுதான்.

அடுத்தது லதூர் 1988-இல் ஜிம் ஜான்சன் என்ற புனைபெயரில் எழுதிய டோர் க்ளோசர் கட்டுரை. கட்டடக்கலை மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். சுவரில் ஓட்டை போட்டால் ஆள் போகலாம், கூடவே குளிரும் வந்துவிடும். கதவு வைத்தால் மூட மறப்பார்கள். மூடுவதற்கு ஓர் ஆளை வைத்தால் அவருக்குச் சம்பளம் தர வேண்டும், தூங்காமல் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வைத்தால் மூக்கில் அடிக்கும். கடைசியில் எண்ணெய் அடைத்த பிஸ்டன் வருகிறது. அது கதவைத் திறப்பவரின் கைப்பலத்தையே வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே மெதுவாக மூடுகிறது. ஆனால் கைப்பலம் இல்லாத குழந்தைக்கும் முதியவருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. ஒரு சின்னச் சாதனம் ஆள் பார்த்து நடந்துகொள்கிறது.

இவ்வளவு போதும். பொருளுக்கு மனசு இருக்கிறது என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை. அது இருப்பதால் வேறு யாராவது செய்வது மாறுகிறதா என்பது மட்டுமே கேள்வி. மாறினால் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 1: சின்னதாக, தொல்லை தருவதாக ஒன்றைப் பிடியுங்கள்

‘சென்னையின் குடியிருப்பும் நீரும்’ என்று தொடங்கினால் முடிக்க மாட்டீர்கள். ‘இந்தக் கட்டடத்தின் சம்ப்’ என்று தொடங்குங்கள். இன்னொன்று: ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பொருள் எதையும் காட்டிக்கொடுக்காது. மோட்டார் ஓடும்வரை அது வெறும் சத்தம்தான். காயில் எரிந்த மறுநாள் யார் யாருக்கு போன் போகிறது, யார் பணம் தருகிறார், யார் வாளியோடு படியேறுகிறார் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் அடிக்கடி சண்டை நடக்கும் பொருளாகப் பார்த்து எடுங்கள். அசோசியேஷன் கூட்டக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் எது பேச்சுக்கு வருகிறது என்று தெரிந்துவிடும்.

படி 2: வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள்

தண்ணீர் ஏற்றும் நேரத்தில், அதாவது விடிகாலையில், அங்கே இருக்க வேண்டும். மத்தியானம் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதில் பயனில்லை. நோட்டில் ஒவ்வொரு வரியிலும் நேரம், யார் அல்லது எது, என்ன செய்தது, அதனால் யாருக்கு என்ன மாறியது என்பவை மட்டும் வரட்டும். மாதிரிக்கு:

வாட்ச்மேன் சம்ப் மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கிறார். தண்ணீர் அடிவரை போயிருக்கிறது. மோட்டாரைப் போடாமல் செயலாளருக்கு போன் செய்கிறார். செயலாளர் டேங்கர் லாரிக்குச் சொல்கிறார். லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் நிற்கிறது, யாரோ காரை அங்கே விட்டிருக்கிறார்கள். காரின் உரிமையாளரை எழுப்ப வேண்டியிருக்கிறது.

இதற்குள்ளேயே சம்ப் மூடி, தெருவின் அகலம், கார், தூக்கம் எல்லாம் வந்துவிட்டன. ‘இடம்’, ‘அனுபவம்’, ‘அடையாளம்’ போன்ற பெரிய சொற்கள் இந்த நோட்டில் நுழையக் கூடாது. அவை எங்கே நுழைகின்றனவோ அங்கே பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம்.

ஆட்களிடம் பேசும் முறையும் இந்தப் படியில்தான் வருகிறது. வாட்ச்மேனை அண்ணா என்றும் வீட்டுவேலை செய்பவரை அக்கா என்றும் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அசோசியேஷன் செயலாளரிடம் போய்ச் சரிபார்ப்பது அழகில்லை. வேலைக்கு ஆபத்து வரலாம். பெயரும் கட்டட எண்ணும் நோட்டில்கூட வேண்டாம். முதல் நாளே அனுமதி கேட்டுவிடுங்கள்.

படி 3: எடுத்துவிட்டுப் பாருங்கள்

முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. லதூர் சொல்லித்தந்த உத்தி: ஒரு பொருள் என்ன செய்கிறது என்று தெரியவில்லையா? அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வேலையை இப்போது யார், எவ்வளவு சிரமப்பட்டுச் செய்ய வேண்டியிருக்கும்?

டேங்கில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரைத் தானாக நிறுத்தும் கன்ட்ரோலரை எடுத்துவிடுவோம். வாட்ச்மேன் அரைமணிக்கு ஒருமுறை மாடியேற வேண்டும். ஏறாவிட்டால் தண்ணீர் வழியும். வழிவது பக்கத்துக் கட்டடத்தின் சன்ஷேடில் விழும். அந்த வீட்டம்மா ஜன்னலைத் திறந்து சத்தம் போடுவார், மோட்டார் நிற்கும். கன்ட்ரோலர் இல்லாத பல கட்டடங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் கோபம்தான் கன்ட்ரோலர். சம்பளமில்லாத வேலை.

இப்போது கன்ட்ரோலரைத் திருப்பி வைத்துப் பாருங்கள். வாட்ச்மேனின் முழங்கால் தப்பித்தது, பக்கத்து வீட்டோடு சண்டை குறைந்தது, மின்கட்டணம் மாறியது. கூடவே, மோட்டார் எப்போது ஓடும் என்பதில் வாட்ச்மேனுக்கு இருந்த சின்ன அதிகாரமும் போனது. மூன்றாவது மாடிப் பாட்டி ‘கொஞ்சம் முன்னாடி போடுப்பா’ என்று சொன்னால் அவர் போடுவார். கன்ட்ரோலரிடம் அப்படிச் சொல்ல முடியாது. பொருளிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது வேலை அப்படியே இடம் மாறுவதில்லை, அதன் குணமும் மாறுகிறது. உங்கள் நோட்டில் வந்த ஒவ்வொரு பொருளுக்கும் இதைச் செய்யுங்கள். எடுத்துவிட்டாலும் யாருக்கும் எதுவும் மாறாத பொருளை அடித்துவிடலாம்.

படி 4: பிளானை ஒரு கதை வசனமாகப் படியுங்கள்

வடிவமைப்பவர் ஒவ்வொருவரும் பயன்படுத்தப்போகிறவர் இன்னார், இப்படி நடந்துகொள்வார் என்று மனத்தில் எழுதிக்கொண்டு அதைப் பொருளுக்குள் வைத்துவிடுகிறார் என்பது மதலேன் அக்ரிஷ் சொன்னது. அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று, பிரான்சில் வடிவமைத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சூரியஒளி விளக்குத் தொகுப்பு. யாரும் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று வயரின் நீளத்தை மாற்ற முடியாதபடி வைத்தார்கள், வழக்கத்தில் இல்லாத பிளக் போட்டார்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியன் பழுதுபார்க்க வழியில்லாமல் போனது. பயன்படுத்துபவரை நம்பாத வடிவமைப்பு அது.

உங்கள் கட்டடத்தின் அப்ரூவல் பிளானை அசோசியேஷன் ஃபைலிலிருந்து வாங்கி இந்தக் கண்ணோடு பாருங்கள். யுடிலிட்டி பால்கனியின் அளவு, யார் பாத்திரம் துலக்குவார் என்று நினைத்திருக்கிறது? சம்ப் மூடி கார் நிற்கும் இடத்தில் இருந்தால், அதை யாரும் அடிக்கடி திறக்க மாட்டார்கள் என்று பிளான் எழுதிவிட்டது. அப்புறம் குடியிருப்பவர்கள் இந்தக் கதையை எப்படித் திருத்தினார்கள் என்று பாருங்கள். கம்பி அடைத்த பால்கனி, ஸ்டோர் ரூமில் குடிபுகுந்த சாமி, ஏசி வெளியலகு வைக்கும் மேடையில் துளசித் தொட்டி. இவற்றை ‘விதிமீறல்’ என்று ஒதுக்கினால் ஆய்வின் பாதி போய்விடும்.

திருத்துபவர்களில் புறாவும் உண்டு. மாடப்புறாவின் காட்டு மூதாதை பாறைச் சரிவுகளில் கூடு கட்டுவது. ஏசி மேடையும், ஓ.டி.எஸ் எனப்படும் வானம் பார்த்துத் திறந்த குழலும் அதற்கு நல்ல பாறைதான். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட குழலைப் புறா எடுத்துக்கொள்ள, குடியிருப்பவர் வலை அடிக்க, வலையில் தூசு படிந்து வெளிச்சம் குறைய, சமையலறையில் பகலிலேயே விளக்கு எரிகிறது. மின்கட்டணத்தில் புறாவின் பங்கை வேறு எந்த முறையும் இவ்வளவு எளிதாகக் காட்டாது.

படி 5: நூலைப் பிடித்து வெளியே போங்கள்

கட்டடத்தின் எல்லைச் சுவரோடு நின்றுவிடாதீர்கள். இந்தப் படிக்கு மட்டும் அதிக நேரம் ஒதுக்குங்கள், சரக்கு இங்கேதான் அதிகம்.

2003-இல் தமிழ்நாடு அரசு பழைய கட்டடம், புதிய கட்டடம் என்ற வேறுபாடில்லாமல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஒரு சட்டம் எப்படிக் கட்டடத்துக்குள் நுழைகிறது? காகிதமாக நுழைவதில்லை. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயாகவும், ஜல்லி நிரப்பிய வடிகட்டிக் குழியாகவும் நுழைகிறது. குழி தூர்ந்துபோனால் அந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை சட்டமும் தூர்ந்துவிடுகிறது, அரசிதழில் அது அப்படியே இருந்தாலும். ஆகவே சட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று தெரிய, குழியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரே வரைபடத்தை வைத்துக் குழியைக் கடற்கரையோர மணலில் கட்டினால் தண்ணீர் இறங்கும், களிமண்ணில் கட்டினால் தேங்கி நிற்கும். ‘மாதிரி வரைபடம்’ மண்ணைக் கேட்காமல் போடப்பட்டது. மண் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டது. கலோனின் சிப்பிகள் ஒட்ட மறுத்ததும் இதே வகைதான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டபோது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. உங்கள் சம்ப் அந்த வருடம் யாரோடெல்லாம் இணைந்திருந்தது என்று கேளுங்கள். ரயிலின் பெயர் பட்டியலில் வந்தாலும் வரும். லாரிக்கு முறை வைத்து எழுதிய நோட்டை யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள். அது கிடைத்தால் பேட்டிகளைவிட மதிப்பு அதிகம்.

அதற்கு நான்கு வருடம் முன்பு, 2015 டிசம்பர் வெள்ளத்தில், மோட்டாரும் மீட்டர் பெட்டியும் ஸ்டில்ட் தளத்தில் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளத்தில்) இருந்த கட்டடங்களில் மேல்மாடி வீடுகள் நனையவில்லை, ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஸ்டில்ட் தளம் ஏன் வந்தது? கார் நிறுத்த இடம் கேட்கும் விதியால். கட்டடத்தின் உயரத்தையும் விதிகள்தான் பிடித்து வைக்கின்றன. வெள்ளத்துக்குப் பின் வந்த 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம், நிபந்தனைகள் கூடும். இப்படி ஒரு மோட்டாரின் இடத்தைத் தேடிப் போனால் கார், கோப்பு, மழை, உயர அளவு என்று நூல் நீளும். எங்கே வெட்டுவது? புதிதாகச் சேரும் ஆளோ பொருளோ உங்கள் சம்ப்பில் எதையும் மாற்றாத இடத்தில் வெட்டுங்கள்.

படி 6: கட்டடத்தை ஓட விடுங்கள்

2008-இல் லதூரும் அல்பேனா யானேவாவும் எழுதிய கட்டுரை ஒன்று எத்தியென்-ஜூல் மரே உருவாக்கிய புகைப்படத் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறது. பறவை பறப்பதைத் துண்டு துண்டாகப் படம்பிடிக்க அவர் 1882-இல் அதைச் செய்தார். கட்டடத்துக்கு எங்களுக்கு இதன் மறுபக்கம் வேண்டும் என்கிறார்கள் இருவரும்: அசையாமல் நிற்பதாகத் தோன்றும் ஒன்று உண்மையில் மாறிக்கொண்டே இருப்பதைக் காட்டும் கருவி. நாம் வரையும் அழகான பெர்ஸ்பெக்டிவ் அதைக் காட்டுவதில்லை.

துப்பாக்கி இல்லாவிட்டால், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடமான செக்‌ஷன் இருக்கிறது. ஒரே செக்‌ஷனை மூன்று முறை வரையுங்கள்: அப்ரூவலில் இருந்தபடி, குடியேறிய வருடத்தில், இன்று. டேங்க் எண்ணிக்கை கூடியிருக்கும், போர்வெல் ஆழமாகியிருக்கும், ஆர்.ஓ. சாதனம் ஒவ்வொரு சமையலறையிலும் தொங்கும்.

நீங்கள் ஆராய்வது கட்டி முடித்த கட்டடமாக இல்லாமல் வடிவமைப்பு அலுவலகமாக இருந்தால் யானேவாவைப் பின்பற்றலாம். ராட்டர்டாமில் ரெம் கூல்ஹாஸின் ஓ.எம்.ஏ அலுவலகத்தில் உட்கார்ந்து, நியூயார்க் விட்னி அருங்காட்சியக விரிவாக்கத்துக்காக மாடல்கள் வெட்டப்பட்டதைப் பார்த்து எழுதியவர். பெரிய கட்டடக் கலைஞரின் மேதைமையைத் தேடாமல், சின்ன மாடலிலிருந்து பெரிய மாடலுக்கும் திரும்பச் சின்னதற்கும் அவர்கள் மாறி மாறிப் போவதைக் கவனித்தார். நம்மூர் அலுவலகத்தில் மாடலின் இடத்தில் ஆட்டோகேட் ஃபைலும், வாட்ஸ்அப்பில் மேஸ்திரி அனுப்பும் போட்டோவும் இருக்கும். அவற்றைப் பின்தொடருங்கள்.

படி 7: இப்போது படம் வரையலாம்

ஒரே விதிதான். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். ‘கன்ட்ரோலர் — வாட்ச்மேன்’ என்றால் போதாது, ‘மாடியேறாமல் காப்பாற்றுகிறது’ என்று எழுதுங்கள். எழுத வராத கோட்டை அழியுங்கள். கண்ணுக்கு அழகு குறையும், பரவாயில்லை.

எங்கே வழுக்கும்

இரண்டு இடத்தில்.

ஒன்று, கான்கிரீட்டைப் பார்த்தே கட்டியவரின் நோக்கத்தைச் சொல்லிவிடும் ஆசை. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சாலைகளில் ராபர்ட் மோசஸ் கட்டிய தாழ்வான பாலங்கள் ஏழைகளும் கறுப்பினத்தவரும் வரும் பேருந்துகளைத் தடுக்கவே அப்படிக் கட்டப்பட்டன என்று லாங்டன் வின்னர் 1980-இல் எழுதினார். கட்டடக்கலை வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் உதாரணம். 1999-இல் பெர்ன்வார்ட் யோர்கெஸ் அதை மறுத்தார். அந்தச் சாலைகளில் வணிக வாகனங்களுக்கு விதிப்படியே அனுமதி இல்லை, பேருந்தும் அதில் அடக்கம் என்பது அவர் வாதங்களில் ஒன்று. மோசஸ் நல்லவர் என்று இதற்கு அர்த்தமில்லை. பாலம் தனியாகத் தடுத்ததா, விதியோடு சேர்ந்து தடுத்ததா என்று கேட்காமல் முடிவுக்குப் போகக் கூடாது.

இரண்டாவது எனக்கு முக்கியமானது. மனிதரையும் பொருளையும் ஒரே தட்டில் வைக்கும்போது அதிகாரம் கண்ணிலிருந்து நழுவிவிடும் என்று இந்தக் கோட்பாட்டை விமர்சிப்பவர்கள் சொல்வார்கள். நம்மூரில் அந்த விமர்சனத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டுவேலை செய்பவர்களும் டெலிவரி ஆட்களும் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பலகை மாட்டிய குடியிருப்புகள் உண்டு. லிஃப்டும் பலகையும் கேமராவும் வாட்ச்மேனும் என்று பட்டியல் போட்டுவிட்டு, சாதி என்ற சொல்லை எழுதாமல் விட்டால் ஆய்வு பொய்யாகிவிடும். அதே சமயம் ‘சாதிதான் காரணம்’ என்று ஒரே வரியில் முடித்தாலும் அது எந்தப் பொத்தானில், எந்தத் தீர்மானத்தில், யாருடைய கண்காணிப்பில் தினமும் நடக்கிறது என்பது தெரியாமல் போகும். பலகையைக் கழற்றினால் என்ன ஆகும் என்று மூன்றாம் படியை இங்கே செய்து பாருங்கள். லிஃப்ட் யாரை வேண்டுமானாலும் ஏற்றும், உள்ளே இருப்பவரின் பார்வை ஏற்றாது. பலகை வருவதற்கு முன்பு அந்த வேலையைப் பார்வைதான் செய்துகொண்டிருந்தது.

வடிவமைப்பில் என்ன செய்வது

எதை வேண்டுமானாலும் பொருளிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் களத்துக்குப் போய்வந்தால் குறையும். மழைநீர்க் குழியில் சேரும் வண்டலை எந்தச் சாதனமும் தானாக அள்ளாது, மழைக்காலத்துக்கு முன் ஓர் ஆள்தான் அள்ள வேண்டும். அப்படியென்றால் அந்த ஆளுக்காக வரையுங்கள். மூடி ஒருவரே தூக்கக்கூடிய எடையில் இருக்கட்டும். கார் நிற்கும் கட்டத்துக்கு வெளியே வரட்டும். அள்ளிய மண்ணைக் கொட்ட ஓர் இடமும், கைகழுவ ஒரு குழாயும் பக்கத்திலேயே இருக்கட்டும். குழிக்குள் ஆள் இறங்காமலேயே சுத்தம் செய்ய முடிகிற ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். சம்ப்பிலும் ஆள் இறங்கும் அவசியம் குறைய, அதன் அடிப்பரப்பை ஒரு மூலைக்குச் சரிவாகக் கொடுத்து அங்கே பம்ப் வைக்கும் பள்ளத்தைக் காட்டுங்கள்.

உங்கள் வேலையை மதிப்பிடும் ஜூரியில் கட்டாயம் ஒருவர் கேட்பார்: “அப்படியென்றால் தண்ணீர்த் தொட்டிக்கு உயிர் இருக்கிறது என்கிறாயா?” வாதாட வேண்டாம். அந்த மூன்று செக்‌ஷன்களையும் மேஜையில் விரித்து, மூடி கார் நிற்கும் கட்டத்திலிருந்து வெளியே வந்ததால் யாருடைய காலை வேலை எப்படி மாறும் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.